சுருதியில் நிற்குமா? மூன்று கிதார்களும் சில மறுகூடல் மேடைகளும்

1985 ஜூலை 13 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நடந்த லைவ் எய்ட் மேடையில் பிரிட்டிஷ் ராக் பேண்டான லெட் செப்பெலினில் மிச்சமிருந்த மூவரும் மறுபடி சேர்ந்தார்கள். டிரம்மர் ஜான் பான்ஹம் இறந்து ஐந்து வருடம்கூட முடியாத நேரம். டிரம்ஸில் டோனி தாம்ப்சன், ஃபில் காலின்ஸ் என்று இரண்டு பேர். ஒத்திகை போதவில்லை, பாடகர் பிளான்ட்டின் தொண்டை கட்டியிருந்தது, மேடை மானிட்டரில் ஒழுங்காக எதுவும் கேட்கவில்லை. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜிம்மி பேஜின் கிதார் சுருதியிலேயே இல்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. 2004-ல் லைவ் எய்ட் டிவிடி வந்தபோது பேண்டே முன்வந்து, எங்கள் பகுதி வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கு. அதே மூவர், டிரம்ஸில் பான்ஹமின் மகன் ஜேசன். நவம்பர் 26-க்குக் குறித்திருந்த நிகழ்ச்சி, பேஜின் விரல் முறிந்ததால் இரண்டு வாரம் தள்ளிப்போனது. இந்த முறை ஒத்திகை ஒழுங்காக நடந்திருந்தது. பாடகரின் வயதைக் கணக்கில் எடுத்துச் சில பாட்டுகளைக் கட்டை இறக்கி (சுருதியைக் குறைத்து) வாசித்தார்கள். ராக் வரலாற்றின் நல்ல மறுகூடல்களில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு. மனிதர் மாறவில்லை, கையில் இருந்ததும் கிப்சனின் லெஸ் பால் கிதார்தான். மாறியது தயாரிப்பு.

முதல் எலக்ட்ரிக் கிதார் வாங்குகிறவருக்கும், பழையதைத் தள்ளிவிட்டு அடுத்த படிக்குப் போகிறவருக்கும் இந்த இரண்டு மேடைகளைவிட நல்ல பாடம் கிடையாது. மரம், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), பெயர் எல்லாம் பிறகு. கம்பியைப் பத்து தடவை வளைத்த பிறகும் சுருதியில் நிற்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கிப்சனின் மலிவு பிராண்டான எபிஃபோனின் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் 50ஸ், ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்க்வையரின் கிளாசிக் வைப் 50ஸ் ஸ்ட்ராடோகாஸ்டர், யமஹா பசிஃபிகா 112வி ஆகிய மூன்றையும் அந்தக் கேள்வியை வைத்தே இங்கே எடை போடுகிறோம். விலை கடைக்குக் கடை மாறும். எழுதினால் அடுத்த மாதமே பழசாகிவிடும். வரிசை மட்டும் பொதுவாக மாறாது: யமஹா குறைவு, ஸ்க்வையர் நடு, எபிஃபோன் அதிகம்.

மேடையில் இருப்பது எந்த கிதார்?

கிதார் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு பேண்டை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். தவறில்லை. ஆனால் காதில் கேட்ட சத்தமும் கண்ணில் பார்த்த கிதாரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கன்ஸ் அண்ட் ரோஸஸின் 1987 ஆல்பமான அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷனைக் கேட்டு கிப்சன் வாங்கக் கிளம்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அந்த ஆல்பத்தில் பேண்டின் கிதாரிஸ்ட் ஸ்லாஷ் பெரும்பாலும் வாசித்தது கிப்சன் இல்லை. கிரிஸ் டெரிக் என்ற கைவினைஞர் செய்த லெஸ் பால் நகல் அது. உள்ளே சீமோர் டங்கன் அல்னிகோ 2 ப்ரோ பிக்கப்கள். லெட் செப்பெலினின் முதல் ஆல்பத்தைக் கேட்டு லெஸ் பால் வாங்கினால் அதுவும் ஏமாற்றம்தான், பெரும்பகுதி ஃபெண்டர் டெலிகாஸ்டரில் பதிவானது.

பிங்க் ஃபிளாய்டின் கதை இன்னும் சுவாரசியம். 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில், லைவ் 8 மேடையில், 24 வருடங்களுக்குப் பிறகு நால்வரும் சேர்ந்து நின்றார்கள். கிதாரிஸ்ட் டேவிட் கில்மோர் கையில் அவருடைய புகழ்பெற்ற கறுப்பு ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்). 1970-ல் நியூயார்க் மேனிஸ் கடையில் வாங்கியது. நடுவில் பல வருடம் ஹார்ட் ராக் கஃபே ஒன்றின் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து 1997-ல் திரும்பி வந்தது. நெக் பல தடவை மாறியிருக்கிறது, பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பியைத் தாங்கும் பாகம்) பக்கத்து பிக்கப் மாறியிருக்கிறது. கேலர் ட்ரெமலோ (பிரிட்ஜை அசைத்து சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு) பொருத்துவதற்காக உடலைக் குடைந்து, பிறகு அதைக் கழற்றி, குடைந்ததை அடைத்திருக்கிறார்கள். ட்ரெமலோவின் கைப்பிடியை வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார் கில்மோர். 2019-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது இந்த கிதார்தான். பாட்டி வீட்டு அரிவாளுக்குக் கைப்பிடியும் மாற்றி, வெட்டுவாயும் மாற்றிய கதை போலத்தான். ஸ்ட்ராட்டின் பெரிய பலமே அது: எல்லாம் ஸ்க்ரூவில் நிற்கிறது, எதையும் கழற்றி மாற்றலாம். இதை ஸ்க்வையர் பகுதிக்கு வரும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுகூடல் சமயத்தில் கடைக்கு வரும் சிக்னேச்சர் மாடல்களைப் பற்றி ஒரு வார்த்தை. த போலீஸ் 2007-ல் சுற்றுப்பயணம் கிளம்பியபோது ஃபெண்டர் அந்த பேண்டின் கிதாரிஸ்ட் ஆண்டி சம்மர்ஸின் டெலிகாஸ்டரைக் கீறல் உட்பட நகல் எடுத்து விற்றது. நெக் பக்கம் ஹம்பக்கர் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), உள்ளே ப்ரீஆம்ப் என்று அந்த மனிதரின் தேவைக்காக மாறிய கிதார் அது. அவருடைய கோரஸ், எக்கோ எஃபெக்ட்களும் அந்தக் கைகளும் இல்லாமல் கீறலை மட்டும் காசு கொடுத்து வாங்குவதில் என்ன இருக்கிறது? சேகரிப்பவருக்குச் சரி. வாசிக்கிறவருக்கு அதே காசில் நல்ல கிதாரும் நல்ல ஆம்பும் (ஆம்ப்ளிஃபையரும்) வரும்.

எபிஃபோன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் 50ஸ்

மஹோகனி உடல், மேலே மேப்பிள், ஒட்டிய நெக். ஸ்கேல் நீளம் (கம்பியின் அதிரும் நீளம்) 24.75 அங்குலம், அதாவது ஏறக்குறைய 629 மி.மீ. 22 ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்), ஃபிங்கர்போர்டின் வளைவு 12 அங்குலம். ப்ரோபக்கர் ஹம்பக்கர் இரண்டு, சி.டி.எஸ். பாட்கள் (வால்யூம், டோன் நாபுகளின் உள்பாகம்), லாக்டோன் பிரிட்ஜ். காகிதத்தில் கிப்சனுக்கு வெகு அருகில்.

சத்தத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. பிரிட்ஜ் பிக்கப்பில், ஆம்பின் கெயினை (சத்தத்தைக் கரகரப்பாக்கும் அளவை) ஏற்றினால் தடித்த, நடு அலைவரிசை நிறைந்த ராக் சத்தம் உடனே வருகிறது. நெக் பிக்கப்பில் டோன் நாபைப் பாதிக்கு இறக்கினால் புல்லாங்குழல் போன்ற மெல்லிய நீண்ட ஒலி. இரண்டு பிக்கப்புக்கும் தனித்தனி வால்யூம் இருப்பதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. சுவிட்சை நடுவில் வைத்து, நெக் வால்யூமை 6-க்கும் பிரிட்ஜை 9-க்கும் வைத்துப் பாருங்கள்; பெடல் எதுவும் இல்லாமலேயே மூன்றாவது குரல் கிடைக்கும்.

சிக்கல் ஜி கம்பியில் தொடங்குகிறது. லெஸ் பாலின் ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி) பின்னால் சாய்ந்திருக்கிறது (கிப்சனில் 17 டிகிரி, எபிஃபோனில் 14), ஒரு பக்கத்துக்கு மூன்று டியூனர் (கம்பியை முறுக்கும் திருகு). கம்பி நட்டை (ஃபிங்கர்போர்டின் மேல்முனையில் கம்பி பதியும் சிறு கட்டையை) தாண்டியதும் கீழ்நோக்கி மட்டுமல்ல, பக்கவாட்டிலும் மடங்குகிறது. நடுவில் உள்ள டி, ஜி கம்பிகளுக்கு இந்த மடிப்பு அதிகம். நட்டின் பள்ளம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் கம்பி சிக்கிக்கொள்ளும். டியூன் செய்யும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டு சுருதி திடீரென்று தாவினால் காரணம் இதுதான். கம்பியை வளைத்துவிட்டு விடும்போது ஜி இறங்கி நிற்பதும் இதனால்தான். பலர் டியூனரைக் குறை சொல்லி, காசு போட்டு மாற்றுகிறார்கள்; நோய் அங்கே இல்லை. பள்ளத்தில் 2பி பென்சில் தூளைத் தேயுங்கள். பாதிப் பிரச்சினை போய்விடும். போகாவிட்டால் கிதார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, கம்பியின் தடிமனுக்கு ஏற்ப நட் அரத்தால் பள்ளத்தை அகலப்படுத்தச் சொல்லுங்கள். ஆழப்படுத்தக் கூடாது. ஆழம் கூடினால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் தட்டும், பிறகு நட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது எடை. நான்கு கிலோ சுமார், மரத்தைப் பொறுத்துக் கூடும். நின்றுகொண்டு ஒரு மணி நேரம் வாசிப்பவருக்கு இரண்டு அங்குலப் பட்டை போதாது. மூன்று அங்குலம் வேண்டும். 50ஸ் நெக் உருண்டு தடித்திருக்கும். சிறிய கை என்றால் 60ஸ் மாடலின் மெலிந்த நெக்கையும் கட்டாயம் பிடித்துப் பார்க்க வேண்டும்.

பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ட்ரஸ் ராடின் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்ளிரும்பு) திருகுக்காக மரத்தைக் குடைந்த இடத்திலேயே ஹெட்ஸ்டாக் சாய்கிறது. கிதார் மல்லாக்க விழுந்தால் உடைவது அங்கேதான். சுவரில் சாய்த்து வைக்கவே கூடாது. மெல்லிய துணி உறையில் போட்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்தவர் தோளில் மாட்டி அனுப்புவது, உடைக்கவென்றே செய்வது போலத்தான். கெட்டிக் கேஸின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஸ்க்வையர் கிளாசிக் வைப் 50ஸ் ஸ்ட்ராடோகாஸ்டர்

மேப்பிள் ஃபிங்கர்போர்ட், 21 ஃப்ரெட், 9.5 அங்குல வளைவு, 25.5 அங்குல ஸ்கேல், மூன்று அல்னிகோ சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்). கையில் எடுத்ததும் 'ஸ்க்வையரா இது?' என்று கேட்கவைக்கும் தரம். நெக் பிக்கப்பின் மணி போன்ற சத்தம்தான் இதை வாங்குவதற்கான காரணம். சுத்தமான ஆம்பில், வால்யூம் 7-ல், மெதுவாக வாசித்தால் போதும். விலையுயர்ந்த ஃபெண்டரிலிருந்து இது எவ்வளவு தூரம் என்று உடனே சொல்ல முடியாது.

சிங்கிள் காயிலின் இரைச்சல் இங்கே உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த முனகல் கெயின் ஏறியதும் முன்னால் வந்து நிற்கும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிதார் சரியாகத்தான் இருக்கிறது. தொட்டதும் கூடினாலோ, விரலில் சுருக்கென்று குத்தினாலோ நிறுத்திவிட்டு சாக்கெட்டின் எர்த்தைப் பாருங்கள். மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டு ஆம்பைச் சொருகும் பழக்கம் உயிருக்கு உலை வைக்கும், குறிப்பாக ஒரு கையில் கிதாரும் வாயருகே மைக்கும் இருக்கும்போது. நடு பிக்கப் எதிர்ச்சுற்றில் சுற்றப்பட்டிருந்தால் சுவிட்சின் 2, 4 நிலைகளில் இரைச்சல் அடங்கும். கடையில் சுவிட்சைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ட்ரெமலோ விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். பிரிட்ஜ் உடலிலிருந்து தூக்கி மிதந்து நிற்கும்படி அமைத்திருந்தால் ஒரு கம்பியை வளைக்கும்போது மற்ற ஐந்தும் லேசாக இறங்கும். ஒரு கம்பி அறுந்தால் மற்றவை எல்லாம் ஏறிப்போகும். பாட்டின் நடுவில் அறுந்தால் கிதாரைக் கீழே வைத்துவிடுவதைத் தவிர வழியில்லை. முதல் வருடம் ட்ரெமலோ தேவையில்லை என்று நினைப்பவர் பின்புற மூடியைக் கழற்றி ஐந்து ஸ்பிரிங்கையும் மாட்டி, இரண்டு ஸ்க்ரூவையும் இறுக்கி, பிரிட்ஜை உடலோடு ஒட்ட வைத்துவிடலாம். எரிக் கிளாப்டனே மரக்கட்டை செருகி ட்ரெமலோவைப் பூட்டி வைத்திருப்பவர்தான். மானம் போகாது.

ஸ்ட்ராட்டில் பலரைக் குழப்பும் ஒரு கோளாறு: 12-வது ஃப்ரெட்டுக்கு மேலே தடித்த இ கம்பி ஒரே நேரத்தில் இரண்டு சுருதியில் நடுங்குவது போலக் கேட்கும். சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு துண்டை) எவ்வளவு நகர்த்தினாலும் சரியாகாது. பிக்கப் கம்பிக்கு மிக அருகில் இருந்து, அதன் காந்தம் கம்பியை இழுப்பதால் வருவது அது. கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு தடித்த கம்பிப் பக்கம் 2 முதல் 2.4 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் 1.6 முதல் 2 மி.மீ. இடைவெளி வரும்வரை பிக்கப்பை இறக்குங்கள். சத்தம் குறைந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம், ஆம்பில் அதற்கென்றே ஒரு நாப் இருக்கிறது.

ஹெட்ஸ்டாக் நேராக இருப்பதால் லெஸ் பாலின் 'டிங்' இங்கே குறைவு. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டுக்கு நடந்ததெல்லாம் இதற்கும் நடக்கலாம்: பிக்கப் பலகையை ஸ்க்ரூக்களைக் கழற்றி மாற்றலாம், நெக்கை நான்கு ஸ்க்ரூ கழற்றி மாற்றலாம். இன்று வாங்கி ஐந்து வருடம் கழித்து மேம்படுத்த நினைப்பவருக்கு இதைவிட நல்ல அடித்தளம் இந்த விலையில் இல்லை.

யமஹா பசிஃபிகா 112வி

இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை, அதுவே இதன் பெருமை. ஆல்டர் உடல், 25.5 அங்குல ஸ்கேல், பிரிட்ஜில் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில். டோன் நாபை மேலே இழுத்தால் ஹம்பக்கர் பாதியாகி ஸ்ட்ராட் குரலுக்கு வரும். பாதியான குரல் கொஞ்சம் சோகையாக இருக்கும், சுத்தமான ஒலிக்கு மட்டும் உதவும். ஹம்பக்கரும் லெஸ் பால் அளவுக்குத் தடிப்பாக வராது. ஆனால் பெட்டியைத் திறந்த நாளிலிருந்து ஃப்ரெட் முனைகள் கையைக் கிழிப்பதில்லை, நட் பெரும்பாலும் சரியாக வெட்டப்பட்டிருக்கிறது, சுருதி நிற்கிறது. பத்து கிதாரை வரிசையாக எடுத்தால் பத்தும் ஒரே தரத்தில் இருப்பதில் யமஹாவை இந்த விலையில் மிஞ்ச ஆளில்லை.

வாங்கும்போது பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 112ஜே வேறு: அதில் செராமிக் பிக்கப், நாபை இழுக்கும் வசதி கிடையாது. 012 இன்னும் கீழே, உடல் அகாதிஸ் மரம். கடைக்காரர் 'எல்லாம் பசிஃபிகாதான் சார்' என்பார். விலைப்பட்டியலைக் கேளுங்கள்.

கட்டை இறக்குகிறவர்களுக்கு

மறுகூடும் பேண்டுகள் பெரும்பாலும் கட்டை இறக்கித்தான் வாசிக்கின்றன, அறுபது வயதுத் தொண்டை இருபது வயதுப் பாட்டுக்கு ஏறாது. கன்ஸ் அண்ட் ரோஸஸ் ஆரம்பம் முதலே அரைக் கட்டை கீழே. பிளாக் சாபத்தின் டோனி ஐயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். கம்பி தளர்ந்தால் விரலுக்கு இதம் என்று 1971-ல் ஒன்றரைக் கட்டை இறக்கினார். ஹெவி மெட்டலின் கனம் அங்கிருந்து வந்தது. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் டிரம்மர் பில் வார்டும் சேர்ந்து நால்வராக அவர்கள் விடைபெற்றதைப் பார்த்தவர்களுக்கு ஐயோமியின் அந்த எஸ்ஜி (கிப்சனின் இன்னொரு மாடல்) வகைக் கிதாரின் குரல் வேறு யாருடையதாகவும் தோன்றியிருக்காது.

கணக்கு எளிது. ஒரே கம்பியை அரைக் கட்டை இறக்கினால் இழுவிசை 11 சதவீதம் குறையும், ஒரு கட்டைக்கு 21, ஒன்றரைக்கு 29. ஸ்கேல் நீளமும் இதில் சேரும்: அதே கம்பி, அதே சுருதியில் ஸ்ட்ராட்டைவிட லெஸ் பாலில் 6 சதவீதம் தளர்வாக இருக்கும். 9–42 கம்பி (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில்) போட்ட லெஸ் பாலை ஒரு கட்டை இறக்கினால் கம்பி நூடுல்ஸ் போலத் தொங்கும், ஃப்ரெட்டில் தட்டி உறுமும், கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறும். அரைக் கட்டைக்கு 10–46, ஒரு கட்டைக்கு 11–48 என்று ஏறுங்கள். ஸ்லாஷ் அரைக் கட்டைக்கே 11–48 போடுகிறவர், அவர் விரல் கணக்கு வேறு. தடித்த கம்பி மாட்டியதும் நெக் கொஞ்சம் முன்னால் வளையும், நட் பள்ளம் இறுகும். இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். மிதக்கும் ட்ரெமலோ உள்ள ஸ்ட்ராட்டில் பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றுவது நடக்காத காரியம், ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் நகரும். கட்டை மாற்றி மாற்றி வாசிப்பவர் அசையாத பிரிட்ஜுள்ள லெஸ் பாலை எடுக்கலாம், அல்லது ஸ்ட்ராட்டின் பிரிட்ஜைப் பூட்டிவிடலாம்.

கடையில் செய்ய வேண்டியது

ஆம்பில் சொருகாமல் முதலில் வெறுமனே வாசியுங்கள். எல்லாக் கம்பியையும் எல்லா ஃப்ரெட்டிலும் ஒரு தடவை தட்டினால் செத்த இடங்கள் தெரிந்துவிடும். தடித்த இ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, 7-வது ஃப்ரெட்டருகே இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, 0.25 மி.மீ. சுமார், இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டாலோ, இரண்டு கார்டு நுழைந்தாலோ ட்ரஸ் ராடைத் திருப்ப வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். 12-வது ஃப்ரெட்டில் கம்பி உயரம் லெஸ் பாலில் தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.2. ஸ்ட்ராட் வகையில் இரண்டு பக்கமும் 1.6 நல்ல தொடக்கம். 9.5 அங்குல வளைவில் இதைவிட ரொம்ப இறக்கினால் மேல் ஃப்ரெட்டுகளில் கம்பியை வளைக்கும்போது ஒலி பாதியில் அறுந்துபோகும்.

பிறகு 12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய ஒலியும் சுருதி காட்டும் டியூனர் கருவியில் ஒன்றாக வருகிறதா பாருங்கள். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் சேடில் பின்னால் போக வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால். துருப்பிடித்த கம்பியை வைத்துக்கொண்டு இந்தச் சோதனை செய்வது வீண், கடைகளில் தொங்கும் கிதார்களில் கம்பி பல மாதம் பழசாக இருக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இன்னும் மோசம். புதுக் கம்பி மாட்டித் தரச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கடைசியாகச் சுருதிச் சோதனை: டியூன் செய்து, ஜி, பி கம்பிகளை 7-வது ஃப்ரெட்டில் ஒரு கட்டை உயரத்துக்குப் பத்து தடவை வளைத்துவிட்டு, மறுபடி டியூனரைப் பாருங்கள். புதுக் கம்பி என்றால் முதலில் கையால் இழுத்து நீட்டிவிட்டுச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நல்ல கிதாரும் தோற்றுப்போகும்.

பழைய கிதார் என்றால் ஹெட்ஸ்டாக்கின் பின்புறத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், ஒட்டிய விரிசல் கோடாகத் தெரியும். ட்ரஸ் ராட் திருகு முழுக்க இறுகி, அதற்கு மேல் திரும்பாத கிதாரை இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். கிப்சன் என்று விற்கப்படுவதில் ட்ரஸ் ராட் மூடிக்கு மூன்று ஸ்க்ரூ இருந்தால் போலி என்று சந்தேகிக்கலாம், கிப்சனுக்கு இரண்டுதான். இடக்கை வாசிப்பாளர்களுக்குக் கடையில் சோதிக்க அனேகமாக எதுவும் கிடைக்காது. வரவழைக்கத்தான் வேண்டும், ஆகவே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதை முன்பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

எந்த பேண்ட், எந்த கிதார்

கன்ஸ் அண்ட் ரோஸஸ் 2016-ல் ஸ்லாஷ், பாஸ் கிதாரிஸ்ட் டஃப் மக்கேகனோடு மறுபடி சேர்ந்தது; 2025 மே மாதம் மும்பை வரைக்கும் வந்தது. 2012-ல் அதே பெயரில் இந்தியா வந்த பேண்டில் ஸ்லாஷ் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டால் முன்வரிசை கிதார் திரும்பியதன் அருமை தெரியும். ஆனாலும் இது முழு மறுகூடல் இல்லை என்பதுதான் நம் கட்சி. இன்னொரு கிதாரிஸ்ட் இஸி ஸ்ட்ராட்லின் வரவில்லை. அந்த முதல் ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள்: வலது காதில் ஸ்லாஷின் தடித்த சத்தம், இடது காதில் இஸியின் மெலிந்த, கெயின் குறைந்த, கொஞ்சம் சோம்பலாக விழும் ரிதம். இரண்டு சத்தமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாததால்தான் பாட்டுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. இப்போது ரிச்சர்ட் ஃபோர்டஸ் திறமையாகத்தான் வாசிக்கிறார். ஆனால் இரண்டு கிதாரும் ஒரே தடிமனில் நிற்கும்போது அந்த இடைவெளி மூடிக்கொள்கிறது. ஈகிள்ஸ் 1994-ல் திரும்பி வந்தபோது டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் சேர்ந்தே வந்தார்கள், அதனால் இரட்டை கிதார் வரிகள் அப்படியே வந்தன. 2001-ல் ஃபெல்டர் வெளியேற்றப்பட்ட பிறகு ஸ்டூவர்ட் ஸ்மித் ஒவ்வொரு சுரத்தையும் சரியாக வாசித்தும், இரண்டு ஆள் பேசிக்கொள்வது போன்ற அந்த உணர்வு வருவதில்லை.

இதில் கிதார் வாங்குகிறவருக்கு என்ன என்றால், நண்பரிடம் ஏற்கெனவே லெஸ் பால் இருந்தால் நீங்களும் அதையே வாங்காதீர்கள். இரண்டு ஹம்பக்கர் ஒரே அலைவரிசையில் மோதும், வால்யூம் சண்டை வரும். ஒருவர் லெஸ் பால், ஒருவர் ஸ்ட்ராட் என்றால் சிறிய ஒத்திகை அறையில்கூட இரண்டும் தனித்தனியாகக் கேட்கும்.

தனியாக வீட்டில் வாசிக்கிறவர், ஒரே கிதார்தான் என்று முடிவு செய்தவர் யமஹாவை எடுத்துவிட்டு மிச்சக் காசை ஆம்புக்குப் போடலாம். கையில் இருப்பது பத்துப் பங்கு என்றால் ஆறு கிதாருக்கு, மூன்று ஆம்புக்கு, ஒன்று செட்டப் (கம்பி உயரம், நெக் முதலியவற்றைச் சரிசெய்வது), கம்பி, பட்டை, டியூனர் கருவிக்கு. எட்டரைப் பங்கை கிதாரில் கொட்டிவிட்டுச் சின்ன பேட்டரி ஆம்பில் கேட்பவர்கள் லெஸ் பாலின் பாதியைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். பிங்க் ஃபிளாய்ட் பைத்தியங்களுக்கு ஸ்க்வையர், சந்தேகமே வேண்டாம். செப்பெலின், கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்றால் எபிஃபோன், நட் வேலைக்குத் தனியாகக் காசு ஒதுக்கிக்கொண்டு. சாபத் ரசிகர் எபிஃபோனின் எஸ்ஜியையும் பார்க்கட்டும், லெஸ் பாலைவிட எடை குறைவு. ஆனால் உட்கார்ந்தோ நின்றோ கையை எடுத்தால் நெக் கீழே தொங்கும், அதற்குச் சொரசொரப்பான தோல் பட்டை வேண்டும்.

மூன்றில் எதை வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் செட்டப்புக்குக் கொடுக்காதீர்கள். அந்த அறையின் ஈரப்பதத்துக்கு நெக் பழக இரண்டு வாரம் கொடுங்கள். ஏசி கடையில் மாதக்கணக்கில் தொங்கிய மரம் ஈரக்காற்றுக்கு வந்ததும் நகரும். அதன் பிறகு செய்த செட்டப்தான் நிற்கும். அதுவரை வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடைத்து, கேஸில் ஒரு சிலிகா ஜெல் பையைப் போட்டு மூடி வையுங்கள்.